டிப் 2.40, பேனல் 2.06: ரேடார் லெவல் சென்சார் குறித்து வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பல, சேமிப்புத் தொட்டிகளில் ரேடார் லெவல் சென்சார் பொருத்துவதைப் பற்றியவை. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். 4 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட, கூம்புக் கூரை போட்ட இரும்புத் தொட்டியில் 80 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார் ஒன்றை அண்மையில் பொருத்தினோம். தொட்டியின் உயரம் 6 மீட்டர் என்று சென்சாரில் கொடுத்திருக்கிறோம். டிப் டேப் (தொட்டிக்குள் இறக்கி எண்ணெய் மட்டத்தை அளக்கும் நாடா) 2.40 மீட்டர் காட்டும்போது, சென்சாரின் அளவைக் காட்டும் பேனல் 2.06 மீட்டர் காட்டுகிறது. எண்ணெய் ஏறினாலும் இறங்கினாலும் இந்த வித்தியாசம் மாறுவதில்லை. ஒரு சாணுக்கு மேல் எண்ணெய் இருக்கும்போதே பேனல் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. சில நேரம் பிழை எச்சரிக்கையும் வருகிறது. சென்சாரையே மாற்றிவிடலாம் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா, ஐயா?
— ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் சென்சார் சரியாகவே வேலை செய்கிறது. அதற்குக் கொடுக்கப்பட்ட உயரம்தான் தவறு. வித்தியாசம் எல்லா மட்டத்திலும் ஒரே அளவாக இருக்கிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதே இதற்குப் போதுமான சான்று.

ரேடார் சென்சார் எண்ணெயின் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. மேலிருந்து அனுப்பும் மின்காந்த அலை எண்ணெயின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்திலிருந்து, தனக்கும் எண்ணெய்க்கும் இடையே உள்ள காலி இடத்தின் தூரத்தைத்தான் அது கண்டறிகிறது. அந்தத் தூரத்தை நாம் கொடுத்த மொத்த உயரத்திலிருந்து கழித்து, மிச்சத்தை எண்ணெய் மட்டம் என்று சொல்கிறது. அலை ஒளியின் வேகத்தில் செல்வதால், 3.94 மீட்டர் போய்த் திரும்ப ஏறத்தாழ 26 நானோ நொடிதான் ஆகும். அவ்வளவு சிறிய நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிடத் தெரிந்த கருவிக்கு, தொட்டியின் அடித்தட்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

உங்கள் தொட்டியின் 6 மீட்டர் என்பது அடித்தட்டிலிருந்து சுவரின் மேல் விளிம்பு வரையுள்ள உயரம். சென்சாரோ அதற்கும் மேலே, கூம்புக் கூரையில் பற்றவைத்த நாசிலின் (குட்டைக் குழாயின்) ஃப்ளாஞ்சில், அதாவது அதன் வாயிலுள்ள தட்டை வளையத்தில், உட்கார்ந்திருக்கிறது. நாசில் இருக்கும் இடத்தில் கூரை சுவர் விளிம்பைவிட 14 சென்டிமீட்டர் உயர்ந்திருந்து, நாசிலின் உயரமும் 20 சென்டிமீட்டர் என்றால் உங்கள் 34 சென்டிமீட்டர் கிடைத்துவிடுகிறது. இந்த இரண்டு அளவுகளும் என் ஊகம். அவற்றின் கூட்டுத்தொகை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆக, சென்சாருக்குக் கொடுக்க வேண்டிய உயரம் 6.34 மீட்டர். எண்ணெய் 34 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கியதும் பேனல் பூஜ்யமாவதற்கும் இதுவே முதற்காரணம்.

6.34 என்று நான் எழுதியதை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். அடுத்த முறை தொட்டி காலியாகும்போது சென்சாரைக் கழற்றிவிட்டு, அதே நாசில் வழியாக இரும்பு டேப்பைக் குண்டுடன் இறக்கி, ஃப்ளாஞ்சின் முகத்திலிருந்து அடித்தட்டு வரை அளந்துகொள்ளுங்கள். வேறு இடத்தில் உள்ள மேன்ஹோல் வழியாக அளப்பது உதவாது. பல தொட்டிகளில் அடித்தட்டு நடுப்பகுதியை நோக்கியோ வடிகுழாயை நோக்கியோ சரிந்திருப்பதால், இரண்டு இடங்களின் ஆழம் சில சென்டிமீட்டர் வேறுபடும். ஃப்ளாஞ்சுகளுக்கு இடையே வைக்கும் காஸ்கெட்டின் தடிமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்சார் தன் தூரத்தை எந்தப் புள்ளியிலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பதைக் கையேட்டில் உள்ள படத்தில் பார்க்க வேண்டும். ஃப்ளாஞ்ச் வகைக்கு அது ஃப்ளாஞ்சின் முகமாகவும், மரை வகைக்கு மரைக்கு மேலுள்ள இருக்கைப் பகுதியாகவும் இருப்பதே பெரும்பாலும் வழக்கம். இதற்காக யாரும் தொட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை, இறங்கவும் கூடாது.

உங்கள் தொட்டியில் 1 மில்லிமீட்டர் என்பது சுமார் 12.6 லிட்டர். 34 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 4,270 லிட்டர், எடையில் 3.9 டன். இத்தனை எண்ணெய் கணக்கில் வராமல் நிற்பதைப் பார்த்து, சிலர் பிஎல்சியில் (ஆலைக் கருவிகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியில்) 34 சென்டிமீட்டரைக் கூட்டிக்கொள்ளும்படி எழுதி அவசரமாகச் சரிக்கட்டிவிடுவார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஓராண்டு கழித்து வேறொருவர் சென்சாரில் சரியான உயரத்தைக் கொடுக்கும்போது பேனல் 34 சென்டிமீட்டர் அதிகமாகக் காட்டத் தொடங்கும். அப்போது காரணத்தைத் தேடுகிறவருக்கு பிஎல்சியில் மறைந்திருக்கும் கூட்டல் கண்ணில் படாது. எங்கே தவறோ அங்கேயே திருத்த வேண்டும்.

உயரத்தைத் திருத்தியபின் மேல் எல்லையைப் பாருங்கள். நிரப்பக்கூடிய அதிகபட்ச மட்டம் 5.60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அப்போது எண்ணெய் ஃப்ளாஞ்சிலிருந்து 74 சென்டிமீட்டர் கீழே இருக்கும். ஆன்டெனாவுக்கு மிக அருகில், சென்சாரால் நம்பகமாக அளக்க முடியாத சிறு பகுதி ஒன்று உண்டு. அதன் அளவைக் கையேட்டில் பார்த்து, 74 சென்டிமீட்டர் அதைவிடப் போதிய அளவு அதிகம் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். சென்சார் மட்டத்தைப் பேனலுக்கு மின்னோட்டமாக அனுப்புகிறது. 0 மீட்டருக்கு 4 மில்லி ஆம்பியர், 5.60 மீட்டருக்கு 20 மில்லி ஆம்பியர் என்று அமைத்தால், டிப் 2.40 மீட்டர் இருக்கும்போது லூப்பில் (சென்சாரையும் பேனலையும் இணைக்கும் மின்சுற்றில்) தொடராக வைத்த மல்டிமீட்டர் 10.86 மில்லி ஆம்பியர் காட்ட வேண்டும். மீட்டர் 10.86 காட்டியும் பேனல் 2.57 என்று எழுதினால், பேனலின் அளவு வரம்பு இன்னும் 0 முதல் 6 மீட்டர் என்றே இருக்கிறது என்று பொருள். சென்சாரையும் பேனலையும் வெவ்வேறு ஆட்கள் அமைக்கும் இடங்களில் இந்தப் பிழையை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

இனி, எண்ணெய் அடியில் இருக்கும்போது வரும் பிழை எச்சரிக்கை. இதற்கு வேறு காரணமும் உண்டு. தண்ணீர் ரேடார் அலையை வலுவாகத் திருப்பியனுப்பும். சமையல் எண்ணெயோ, தன்மேல் விழும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதத்தை மட்டுமே திருப்புகிறது. மிச்ச அலை எண்ணெய்க்குள் புகுந்து, அடித்தட்டில் மோதித் திரும்புகிறது. இரும்புத் தட்டின் எக்கோ (மோதித் திரும்பி வரும் அலை) வலுவானது. எண்ணெய் குறைவாக இருக்கும்போது அது எண்ணெயின் சொந்த எக்கோவை விஞ்சிவிடும். எண்ணெய்க்குள் அலையின் வேகம் குறைவதால், அந்த அடித்தட்டு தொட்டியின் உண்மையான அடியையும் தாண்டிக் கீழே இருப்பதுபோல் சென்சாருக்குத் தோன்றும். அப்போது அது பூஜ்யம் காட்டுவதும், எக்கோவை இழந்துவிட்டதாக எச்சரிப்பதும் இயல்பே. திரவ வகையாக எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும் வசதியும், அடித்தட்டின் எக்கோவை அடையாளம் காணும் வசதியும் பல கருவிகளின் மெனுவில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்திய பிறகும் கடைசி 10, 15 சென்டிமீட்டரில் தடுமாற்றம் இருந்தால், பம்பை நிறுத்தும் மட்டத்தை அதற்கு மேலே வைத்துக்கொள்வதே நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாசிலின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தீர்களா? கூம்புக் கூரைகளில் பற்றவைப்பவர் நாசிலைக் கூரைத் தகட்டுக்குச் செங்குத்தாக நிறுத்திவிடுவார். பூமிக்குச் செங்குத்தாக இருக்காது. 3 டிகிரி சாய்ந்திருந்தால் 4 மீட்டர் ஆழத்தில் அலை 21 சென்டிமீட்டர் தள்ளி விழும். அமைதியான எண்ணெய்ப் பரப்பு கண்ணாடி போன்றது என்பதால், திரும்பி வரும்போது இன்னும் 21 சென்டிமீட்டர் விலகிப்போகும். ஏற்கெனவே 5 சதவீதமாக இருக்கும் எக்கோவில் பெரும்பகுதி ஆன்டெனாவைத் தவறவிட்டுவிடும். ஆப்பு வடிவ வளையம் ஒன்றைக் கடைசல் பட்டறையில் செய்து ஃப்ளாஞ்சுக்கு அடியில் வைத்தால் இந்தச் சாய்வு தீர்ந்துவிடும்.

தொட்டிக்குள் உள்ள பிற பொருட்களில் பட்டு வரும் பொய் எக்கோக்களை மறைக்கும் மேப்பிங் வசதியைத் தொட்டி காலியாக இருக்கும்போது, அல்லது கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது செய்யுங்கள். உள்ளே எண்ணெய் இருந்தால், அதன் மேற்பரப்புக்கு அரை மீட்டர் மேலேயே மேப்பிங்கின் எல்லையை நிறுத்திவிட வேண்டும். ஓர் ஆலையில் தொட்டி பாதி நிறைந்திருந்த நாளில், அடித்தட்டு வரைக்கும் மேப்பிங் செய்துவிட்டார்கள். அன்று எண்ணெய் நின்ற இடமே ஒரு தடைப்பொருள் என்று சென்சார் கற்றுக்கொண்டது. அதன்பின் எண்ணெய் அந்த உயரத்தைக் கடக்கும்போதெல்லாம் மட்டம் காணாமல் போனது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. அழித்துவிட்டுத் திரும்பச் செய்யப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில் வெப்பநிலை 24 டிகிரிக்குக் கீழே போகும்போது தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அந்த நாட்களில் சுவரை ஒட்டி உறைந்து நிற்கும் எண்ணெயை சென்சார் பார்க்காது. நடுவில் உள்ள மட்டத்தை மட்டுமே சொல்லும். சூடாக்கும் சுருள்குழாயை ஓட்டி, எண்ணெய் முழுவதும் உருகிய பிறகே இருப்புக் கணக்கை எடுங்கள்.

கேள்வி: அல்ட்ராசோனிக் சென்சார் விலை குறைவாகக் கிடைக்கிறதே, அதையே வாங்கினால் என்ன?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: என்ன திரவம், எப்படிப்பட்ட தொட்டி என்பதை நீங்கள் எழுதவில்லை. திறந்த தண்ணீர்த் தொட்டி என்றால் தாராளமாக வாங்கலாம். ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது: 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர், 20 டிகிரியில் 343 மீட்டர். சென்சார் இருக்கும் உச்சிக்கும் திரவப் பரப்புக்கும் இடையே வெப்பநிலை ஒரே சீராக இல்லாவிட்டால் அளவு தவறும். காற்றின் வெப்பநிலையைச் சென்சார் 10 டிகிரி தவறாக எடுத்துக்கொண்டால் 4 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் பிழை வரும். வெயிலில் காயும் இரும்புக் கூரைத் தொட்டியில் இது எளிதில் நேரக்கூடியது. கரைப்பான் ஆவி நிறைந்த தொட்டியில் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அந்த ஆவிக்குள் ஒலியின் வேகமே வேறு. ரேடார் அலையை இவை ஏறக்குறைய பாதிப்பதில்லை. எண்ணெய், எரிபொருள், கரைப்பான், சூடான திரவம் ஆகியவற்றுக்கு ரேடாரையே வாங்குங்கள்.

கேள்வி: ஓசூரில் எங்கள் தொழிற்சாலையின் ஜெனரேட்டருக்கான டீசல் தொட்டி தரைக்கு மேலே படுக்கை வாட்டில் வைக்கப்பட்டது, விட்டம் 2 மீட்டர், நீளம் 6.4 மீட்டர். ரேடார் சென்சார் சதவீதத்தைக் காட்டுகிறது. அதை 20,100 லிட்டரால் பெருக்கிக்கொள்கிறோம். தொட்டி பாதியளவில் இருக்கும்போது டேங்கரிலிருந்து 4,000 லிட்டர் இறக்கினால், பேனலில் 3,150 லிட்டர்தான் ஏறுகிறது. டேங்கர்காரர் மேல் எங்களுக்குச் சந்தேகம். சென்சார் பொய் சொல்கிறதா, அவர் குறைத்து இறக்குகிறாரா?
— ஒரு வாசகி, ஓசூர்

பதில்: இரண்டும் இல்லை. உங்கள் கடிதத்தில் உள்ள எண்களின்படி அவர் இறக்கியது 4,000 லிட்டர்தான். இந்தச் சந்தேகத்தை அவரிடம் ஏற்கெனவே வெளிப்படுத்தியிருந்தால், தயவுசெய்து அவரை அழைத்து விளக்கிவிடுங்கள்.

நிற்கும் உருளைத் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரே அளவு திரவம் பிடிக்கும். படுத்த உருளையில் அடியிலும் உச்சியிலும் அகலம் குறைவு, நடுவில் அதிகம். அதனால் நடுப்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் ஏறுவதற்கே நிறைய டீசல் வேண்டும். உயரம் 10 சதவீதமாக இருக்கும்போது உள்ளே இருப்பது கொள்ளளவில் 5.2 சதவீதம் மட்டுமே. 25 சதவீத உயரத்தில் 19.6 சதவீதம், 40-இல் 37.4 சதவீதம், 50-இல் சரிபாதி, 75-இல் 80.4 சதவீதம். நீங்கள் சொல்லும் நடுப்பகுதியில் 4,000 லிட்டர் இறக்கினால் உயரம் ஏறக்குறைய 31 சென்டிமீட்டர்தான் கூடும். அதை நேர்விகிதமாகப் பெருக்கினால் 3,150 லிட்டர் என்றுதான் விடை வரும்.

இதைவிடக் கவலை தரக்கூடியது அடிப்பகுதியின் கணக்கு. டீசல் 20 சென்டிமீட்டரில் இருக்கும்போது உங்கள் பேனல் 2,010 லிட்டர் என்று காட்டும். உண்மையில் உள்ளே இருப்பது 1,050 லிட்டர் அளவே. நீண்ட மின்தடையின் போது, ஜெனரேட்டர் இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று இந்த எண்ணை நம்பித் திட்டமிடுகிறவர், கணக்கிட்ட நேரத்தில் பாதியிலேயே நின்றுவிட நேரும்.

சென்சாரின் மெனுவில் தொட்டி வடிவத்தைப் படுக்கை உருளை என்று தேர்ந்தெடுத்து, விட்டத்தைக் கொடுத்தால் இந்தக் கணக்கை அதுவே செய்துகொள்ளும். உங்கள் தொட்டியின் இரு முனைகளும் தட்டையாக இல்லாமல் குழிந்த வடிவில் இருந்தால், தொட்டி செய்தவர் கொடுத்த டிப் அட்டவணையிலிருந்து உயரமும் லிட்டருமாகப் புள்ளிகளை எடுத்துக் கொடுப்பது இன்னும் சரியாக இருக்கும். ஒரே எச்சரிக்கை: இந்தத் திருத்தத்தை சென்சாரிலோ பிஎல்சியிலோ ஓரிடத்தில் மட்டும் செய்யுங்கள். இரண்டிலும் செய்தால் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருத்தம் ஏறி, பிழை புது வடிவில் திரும்பி வரும்.

2002ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளின்படி டீசல் பி வகுப்பில் வருகிறது. எரியக்கூடிய ஆவி இருக்கக்கூடிய தொட்டிக்குள் வைக்கும் எந்தக் கருவிக்கும் அந்த இடத்துக்கு உரிய வெடிப்புப் பாதுகாப்புச் சான்று இருக்க வேண்டும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலையும் விற்பனையாளரிடம் கேட்டுப் பெறுங்கள். சென்சாரின் பெயர்ப்பலகையில் சான்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. பேனல் பக்கத்தில் பொருத்தமான பேரியர் (தொட்டிக்குச் செல்லும் மின்னாற்றலைப் பாதுகாப்பான அளவுக்குள் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் சாதாரண 24 வோல்ட் மின்வழங்கியில் நேராக இணைத்துவிட்டால், அந்தச் சான்றுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். பேரியரும் கேபிளும் தம் பங்குக்கு வோல்டேஜை எடுத்துக்கொள்வதால், மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியராக இருக்கும் நேரத்தில் சென்சாரின் முனைகளில் எஞ்சுவது அதன் கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச வோல்டேஜுக்கு மேல் இருக்கிறதா என்றும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தொட்டி நிறையும்போது மட்டும் சென்சார் அணைந்து அணைந்து எரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எச்டிபிஇ பிளாஸ்டிக் தொட்டியில் வைத்திருக்கிறோம். கூரையில் துளை போடாமல், மேலே வைத்தே ரேடாரால் அளக்க முடியும் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: உண்மைதான். பிளாஸ்டிக் சுவர் ரேடார் அலையைப் பெருமளவு கடந்து செல்ல விடும்; அமிலக் கரைசல் தண்ணீரைப் போலவே வலுவான எக்கோ தரும். அமில ஆவி ஆன்டெனாவைத் தொடாமலிருப்பது பெரிய நன்மை.

ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். கூரையின் அடிப்புறத்தில் ஆவி குளிர்ந்து துளிகளாகப் படியும். கனமாகப் படிந்தால் அந்த நீர்ப்படலமே அலையைத் திருப்பிவிடும். கூரை சற்றே சரிவாக இருக்கும் இடத்தில் சென்சாரை வைத்தால் துளிகள் வழிந்து ஓடிவிடும். அடுத்தது, சென்சாருக்கும் கூரைக்கும் இடையே மழைநீர் தேங்கக் கூடாது என்பது. ஒரு சிறு தகரக் கூடாரம் போட்டுவிடுங்கள், ஆனால் தகரம் அலையின் பாதைக்குள் வரக் கூடாது. மூன்றாவதாக, பிளாஸ்டிக் தொட்டி அலையை உள்ளேயே அடைத்து வைக்காது. சென்சாரை ஒரு பக்கச் சுவரை ஒட்டி வைத்துவிட்டு, வெளியே இரும்பு ஏணி சாய்த்து வைக்கப்பட்டிருந்தால் அதுவும் எக்கோவாகத் தெரியும். தொட்டி காலியான நாளில் எடுத்த எக்கோ வரைபடத்தைச் சேமித்து வைத்துக்கொண்டால், பின்னால் புதிதாக முளைக்கும் எக்கோவை அதோடு ஒப்பிட்டு எளிதில் அடையாளம் காணலாம். கண்ணாடி இழையோடு கருமையேற்றும் கார்பன் நிறைய சேர்த்த தொட்டி என்றால் மட்டும், வாங்கும் முன் ஒரு கருவியை வரவழைத்துச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சேர்த்து வைக்கும் தொட்டியில், நுரை எழும்போதெல்லாம் ரேடாரின் அளவு தாவுகிறது. டேம்பிங்கை (அளவின் ஏற்ற இறக்கத்தைச் சராசரியாக்கும் நேரத்தை) 60 நொடியாகக் கூட்டியும் தீரவில்லை.
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: டேம்பிங் அளவை மெதுவாக்கும், தவறான அளவைச் சரியாக்காது. கனமான, ஈரம் மிகுந்த நுரை அலையை விழுங்கிவிடும், அல்லது நுரையின் மேல்மட்டத்திலிருந்தே திருப்பிவிடும்; அது எப்போது எதைச் செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓரளவு சீரான உள்விட்டம் கொண்ட குழாயைத் தொட்டிக்குள் நிறுத்தி, பக்கத்தில் துளைகளும் மேலே காற்றுத் துளையும் போட்டு, அதற்குள் அளக்கலாம். எனினும் உங்கள் இடத்தில் நான் இருந்தால், நீரின் அழுத்தத்தைக் கொண்டு அளக்கும் சென்சாரை அடியில் தொங்கவிடுவேன். கழிவுநீரின் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை. நுரையின் எடையும் மிகக் குறைவு. ரேடாருக்கு ஏற்ற இடம் இதுவல்ல.

கேள்வி: எங்கள் எரிபொருள் கிடங்கில் ரேடார் சென்சாரின் 90 சதவீத அலாரத்தை வைத்தே நிரப்பும் பம்பை நிறுத்துகிறோம். தணிக்கைக்கு வந்தவர் தனியே ஒரு உயர்மட்ட சுவிட்சும் வேண்டும் என்கிறார். இவ்வளவு துல்லியமான ரேடார் இருக்கும்போது சுவிட்ச் வீண் செலவல்லவா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தணிக்கையாளர் சொல்வதைச் செய்யுங்கள். துல்லியம் வேறு, செயலிழக்காதிருப்பது வேறு. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அதிகாலையில் நடந்தது இதைத் தெளிவாகக் காட்டும். 912ஆம் எண் தொட்டியில் குழாய்வழியே பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அதன் மட்டத்தைக் காட்டிய கருவி, ரேடார் அல்ல, மிதவையைக் கம்பியில் தொங்கவிட்டு அளக்கும் செர்வோ வகை, மூன்று மணி அளவில் ஒரே எண்ணில் நின்றுவிட்டது. தொட்டி மட்டும் நிறைந்துகொண்டே போனது. அலாரம் அந்தக் கருவியின் எண்ணையே நம்பியிருந்ததால் அதுவும் ஒலிக்கவில்லை. ஐந்தரை மணிக்குப் பின் பெட்ரோல் கூரை வழியே வழியத் தொடங்கியது, 6.01-க்கு ஆவி மேகம் வெடித்தது. 43 பேர் காயமடைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை.

அந்தத் தொட்டியில் தனி உயர்மட்ட சுவிட்சும் இருந்தது. அதைச் சோதிப்பதற்கான நெம்புகோல், சோதனைக்குப் பிறகு வேலை நிலையில் நிற்க ஒரு பூட்டால் பிடிக்கப்பட வேண்டும். அந்தப் பூட்டு போடப்படவில்லை. பூட்டு, வேறு யாரும் நெம்புகோலைத் தொடாமல் காப்பதற்கு மட்டுமே என்று நினைத்திருந்தார்கள். அதனால் சுவிட்ச் தன் வேலையைச் செய்யவே இல்லை.

எனவே உங்கள் சுவிட்ச் ரேடாரோடு எதையும் பகிர்ந்துகொள்ளாததாக இருக்கட்டும்: தனி நாசில், தனி கேபிள், முடிந்தால் வேறு அளவீட்டு முறை, அதிர்வுக்கோல் வகை போல. அது பிஎல்சியைக் கேட்காமல் நேரடியாகவே பம்பையும் வால்வையும் நிறுத்த வேண்டும். கம்பி அறுந்தாலும் மின்சாரம் போனாலும் பம்ப் நிற்கும்படி இணைப்பு அமையட்டும்.

ரேடாரின் பக்கத்திலும் ஒரு திருத்தம் தேவை. எக்கோவை இழந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மெனுவில் கேட்கும். கடைசி அளவையே பிடித்துக்கொள் என்ற தேர்வு உங்கள் சென்சாரில் இருந்தால், இன்றே மாற்றிவிடுங்கள். நின்றுபோன எண்ணைக் காட்டிக்கொண்டே தொட்டி நிறைவதற்கு அதுதான் வழி. பிழை வந்தால் மின்னோட்டம் 21 மில்லி ஆம்பியருக்கு மேலேயோ 3.6-க்குக் கீழேயோ போகும்படி அமைத்து, பேனல் அவ்விரண்டையும் மட்டமாக வாசிக்காமல் பழுதாக அறிவிக்கும்படி செய்யுங்கள். பம்ப் ஓடும்போது ஐந்து நிமிடத்துக்கு மட்டம் அசையவே இல்லையென்றால் எச்சரிக்கும் ஒரு வரியையும் பிஎல்சியில் சேர்க்கலாம்.

சுவிட்சைப் பொருத்திய அன்றும், அதன்பின் உங்கள் கிடங்கின் சோதனை அட்டவணைப்படியும், அதைச் செயல்படவைத்துப் பம்ப் உண்மையிலேயே நிற்கிறதா என்று பம்பின் பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். சோதனை முடிந்து இறங்கும் முன், நெம்புகோலும் பூட்டும் தம் இடத்துக்குத் திரும்பிவிட்டனவா என்பதை, சோதித்தவர் அல்லாத இன்னொருவர் தொட்டியின் மேலேறிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.